புக்கெகோஹி நோயாளி

கதவு தட்டும் சத்தம் நின்றுபோன பிறகுதான் டாக்டர் யுவனேஸ்வரிக்குச் சந்தேகம் பிடித்தது.

அதற்கு முன்னால், நகரின் வடகரையில் கிளென்ஃபீல்டில் இருக்கும் அவளுடைய பல் கிளினிக்கில் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். கிளவுஸ் தீரப் போகிறது, ஆர்டர் போடட்டுமா? தட்டு. செவ்வாய்க்கிழமை வர வேண்டியவர் புதன்கிழமை வரலாமா என்று கேட்கிறார். தட்டு. மீன்தொட்டியில் ஒரு மீன் செத்து மிதக்கிறது, எடுத்துவிடட்டுமா? அதற்கும் தட்டு. ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருப்பார். அவருடைய கடைவாய்ப் பல்லுக்குள் யுவனேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்துக் கதவிடுக்கில் ஒரு தலை நீளும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எல்லாத்துக்கும் என்னையே கேட்டா எப்படி? கொஞ்சம் யோசிக்க மாட்டீங்களா?" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்தே கத்துவாள். படுத்திருப்பவர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வாயைப் பிளப்பார்.

இந்த நிலையில்தான் அவள் இணையத்தில் ஒரு வகுப்பு கேட்டாள். சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறவர்களுக்கான வகுப்பு. வேலையைப் பிரித்துக் கொடுங்கள், கொடுத்த பிறகு தலையிடாதீர்கள், ஊழியர்கள் தாமாக முடிவெடுக்கட்டும் என்று ஒரு வழுக்கைத் தலைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் கணினியை மூடிவிட்டுப் போயிருப்பார். இவள் மறுநாளே ஊழியர்களைக் கூட்டினாள்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. நாற்காலிப் பக்கம் கூட நின்று உதவி செய்யும் பிரனீல் ஒருவன். ஃபிஜியிலிருந்து வந்த குடும்பம், பூட்டன் காலத்துத் தமிழ்க் குடும்பப்பெயரோடு சரி, பேச்செல்லாம் ஆங்கிலம். மற்றவள் மாலினி. யாழ்ப்பாணத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள், நகரின் தெற்கே மனுரேவாவிலிருந்து தினமும் துறைமுகப் பாலம் தாண்டிக் கார் ஓட்டிக்கொண்டு வருகிறவள். ஃபோன் எடுப்பது, நேரம் குறிப்பது, கருவிகளைக் கழுவிச் சூடுகாட்டி எடுப்பது எல்லாம் அவள்தான்.

"இனிமே ஃபோன் முழுக்க உங்க பொறுப்பு மாலினி. யாருக்கு எப்போ நேரம் கொடுக்கணும், யாரு அவசரம், யாரு காத்திருக்கலாம், எல்லாம் நீங்களே முடிவெடுங்க. ரொம்ப நாளா வராதவங்களைக் கூப்பிட்டு வர வைக்கிறதும் உங்க வேலை. கதவைத் தட்டக் கூடாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. தாடைக்குக் கீழ வீக்கம், காய்ச்சல், எச்சில் முழுங்க முடியலன்னு யாராச்சும் சொன்னா, அந்த ஆளை விடாதீங்க. மூச்சை அடைச்சுரும். அவர் ஆஸ்பத்திரிக்குள்ள போயிட்டாருன்னு தெரியிற வரைக்கும் விடவே விடாதீங்க." வீக்கம் எங்கே என்று கையைத் தன் தாடைக்குக் கீழே குழித்து வைத்துக் காட்டினாள்.

"ஓம் டொக்டர்," என்றாள் மாலினி. அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றிலிருந்து கதவு வாயடைத்துப் போனது. முதல் வாரம் யுவனேஸ்வரிக்குச் சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் வாரம் காது சும்மா இருக்கவில்லை. வெளியே என்ன நடக்கிறது? ஏன் ஒருவரும் எதையும் கேட்கவில்லை? கிளவுஸ் பெட்டி வேறு நிறத்தில் வந்திருந்தது. மீன்தொட்டியில் புது மீன்கள் நீந்தின. பிள்ளைகளுக்கான நேரமெல்லாம் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு மாறியிருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. நம்மைக் கேட்காமலே இவ்வளவு நடக்கும் என்றால் நமக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன நடக்குமோ என்று அவள் புத்தி போயிற்று.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. சூடு கண்டவள். போன வருடம் வரை நரேந்திரன் என்றொரு இளம் டாக்டர் அவளிடம் வேலை பார்த்தான். அக்கா அக்கா என்று காலைச் சுற்றி வந்தவன். ஒரு வெள்ளிக்கிழமை பூங்கொத்து கொடுத்து விடைபெற்றான். திங்கட்கிழமை மனுரேவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்தக் கிளினிக் திறந்தான். வரவேற்பில் இருந்த ரஷ்மியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தெற்கே இருந்து வந்துகொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதி அவன் பின்னால் போயிற்று. இன்னொரு முறை அப்படி நடந்தால் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான். பதினைந்து வருட உழைப்பு.

இப்போது மாலினியும் மனுரேவாக்காரி. சேர்த்துப் பாருங்கள்! யுவனேஸ்வரி சேர்த்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க எல்லாம் சேர்ந்தது. மாலினி கருவிகள் கழுவும் சின்ன அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பழைய நோயாளிகளோடு தாழ்ந்த குரலில் பேசினாள். இவள் தண்ணீர் குடிக்கும் சாக்கில் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் மதியம் மாலுக்கு சாப்பாடு வாங்கப் போனவள், அங்கே மூலை மேசையில் மாலினியும் அந்த ரஷ்மியும் தலையோடு தலை சேர்த்துக் காப்பி குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வாங்கிய நூடுல்ஸைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். சாப்பிடத் தோன்றவில்லை.

நேரே கூப்பிட்டு, "ரஷ்மியோட என்ன பேச்சு?" என்று கேட்டிருக்கலாம். ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். ஆனால் சந்தேகம் பிடித்தவர்களுக்கு நேர்வழி கண்ணில் படாது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் கை துறுதுறுக்கும்.

அந்த நேரத்தில் அவள் வீட்டில் கணேசமூர்த்தி மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. மலேசியாவில் ஈப்போவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். ஓய்வு பெற்ற ஆள். இளவயதில் கோயில் திருவிழாக்களில் நாடகம் போட்டவர். அந்த நாடகம் அவர் உடம்பை விட்டு இன்னும் இறங்கவில்லை. உப்பு கேட்டாலும் வசனமாகத்தான் கேட்பார், வசனத்தின் கடைசியில் ஒரு மலேசிய 'லா' வேறு. யுவனேஸ்வரி அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு நோயாளி மாதிரி அவளுக்குப் ஃபோன் பண்ணுங்க மாமா. பல்லு வலின்னு சொன்னா போதும். தெற்குப் பக்கம் இருக்கேன்னு சொல்லுங்க. அவ நம்ம கிளினிக்குக்கு வரச் சொல்றாளா, இல்ல அவன்கிட்ட அனுப்புறாளான்னு பார்ப்போம்."

மாமாவின் முகத்தில் விளக்கெரிந்தது. "இவ்வளவுதானா? நான் பார்த்துக்கிறேன் லா. நீ கவலையை விடு."

இவ்வளவுதான் என்று அவர் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை, சுற்றுலா வந்தவர்கள் வாங்கும் தற்காலிக சிம்மைப் போட்டு அழைத்தார். பேசி முடித்ததும் சிம்மைக் கழற்றிவிட்டார். மதியம் யுவனேஸ்வரி தன் அறையைச் சாத்திக்கொண்டு வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

"என்ன சொன்னா மாமா?"

"முதல்ல பேரு கேட்டா. தியாகலிங்கம்னேன். எங்க இருக்கீங்கன்னா. போன வாரம் உன் புருஷன் விமலன் காய்கறி வாங்க கூட்டிட்டுப் போனான்ல, அந்த ஊரு, புக்கெகோஹி, அங்கன்னேன். உடனே என்ன சொன்னா தெரியுமா? இவ்வளவு தூரம் எங்ககிட்ட வராதீங்க, பக்கத்துலயே போங்க, இப்பவே போங்கன்னா. சரிம்மான்னு வச்சுட்டேன்."

யுவனேஸ்வரிக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. எங்களிடம் வராதீர்கள், பக்கத்திலேயே போங்கள். புக்கெகோஹிக்குப் பக்கத்தில் தமிழ் பேசும் பல் டாக்டர் யார்? வேறு யார்! ஃபோனை வைத்தாள். கோபம் ஒரு பக்கம், தன் கணக்கு சரியாகிவிட்டதே என்ற அற்ப சந்தோஷம் ஒரு பக்கம். அந்தச் சந்தோஷம்தான் மோசமானது.

மதியத்துக்குப் பிறகு மாலினியின் முகம் சரியாக இல்லை. அடிக்கடி அந்தச் சின்ன அறைக்குள் போனாள், ஃபோனைக் காதில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒரு முறை டாக்டரின் அறைக் கதவருகே வந்து நின்றாள். தட்டக்கூட இல்லை, நின்றாள்.

"டொக்டர், காலமை ஒரு ஆள் எடுத்தவர்..."

யுவனேஸ்வரி நிமிராமலே சொன்னாள். "ஃபோன் விஷயமெல்லாம் உங்க பொறுப்புன்னு சொல்லிட்டேனே மாலினி."

அப்படிச் சொன்னது பெருந்தன்மையால் அல்ல. கயிறு நீளமாகக் கிடக்கட்டும், தானே சிக்கிக்கொள்ளட்டும் என்றுதான். மாலினி, "அப்ப நான் இண்டைக்கு வெள்ளனப் போகட்டோ? ஒரு அலுவல் இருக்கு. பின்னேர ஆக்களைப் பிரனீல் பாத்துக்கொள்ளுவான்," என்றாள்.

"போங்க, போங்க," என்று யுவனேஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள்.

மாலினியின் வெள்ளைக் கார் வாசலைத் தாண்டியதும் இவள் கோட்டைக் கழற்றி எறிந்தாள். கடைசியாக வர வேண்டியவரை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிப் பிரனீலிடம் சொன்னாள். "என்ன காரணம் சொல்ல?" என்று அவன் ஆங்கிலத்தில் கேட்டான். "எதையாச்சும் சொல்லு, நீயே யோசி," என்று ஓடினாள்.

துரத்தல் என்றால் பறப்பது என்று நினைக்காதீர்கள். நாலு மணிக்குப் பாலத்தில் யார் பறக்க முடியும்? மாலினியின் கார் ஆமையாக ஊர்ந்தது. இவளுடைய கார் ரெண்டு கார் தள்ளிப் பின்னால் ஆமையாக ஊர்ந்தது. யுவனேஸ்வரி கறுப்புக் கண்ணாடி போட்டு, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த முகக்கவசத்தையும் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காரிலிருந்த குழந்தை அவளைப் பார்த்து அழுதது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். நேரே நரேந்திரன் கிளினிக்குக்குள் நுழைய வேண்டும். என்ன மாலினி, அலுவல் முடிஞ்சிருச்சா என்று கேட்க வேண்டும். அவள் முகத்தில் ஈயாடக் கூடாது.

மனுரேவாவுக்குப் பிரியும் வழி வந்தது. யுவனேஸ்வரி இடது பக்க விளக்கைப் போட்டுவிட்டாள். மாலினியின் கார் பிரியவில்லை, நேரே போயிற்று. நரேந்திரனும் மனுரேவாவில், மாலினியின் வீடும் மனுரேவாவில், பிறகு இவள் எங்கேதான் போகிறாள்? இன்னொருவன் வேறு திறந்துவிட்டானா? சந்தேகத்துக்கு எத்தனை கால் முளைக்கும் பாருங்கள். அவள் அவசரமாக விளக்கை அணைத்து, பின்னால் வந்த லாரிக்காரனின் ஹார்னை வாங்கிக்கொண்டு, தொடர்ந்து ஓட்டினாள்.

வெகுதூரம் போய், பெருவழியை விட்டு இறங்கி, மாலினியின் கார் புக்கெகோஹிக்குள் நுழைந்தது. பக்கங்களில் எல்லாம் செம்மண் வயல், வரிசை வரிசையாகக் கோஸ். காற்றில் வெங்காய வாடை. வெங்காயத்தைத் தரம் பிரித்து மூட்டை கட்டும் பெரிய ஷெட் ஒன்றின் முன்னால் மாலினி காரை நிறுத்தினாள். யுவனேஸ்வரி சற்றுத் தள்ளி ஒரு வேலியோரம் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினாள்.

மாலினி சீருடையோடுதான் வந்திருந்தாள். ஷெட்டுக்குப் பின்னால் சில வீடுகள் இருந்தன. முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு பெண்மணி திறந்தாள். மாலினி ஏதோ சொன்னாள். அந்தப் பெண்மணி தலையை ஆட்டினாள். அடுத்த வீடு. அங்கே ஒரு கிழவர். அவரிடமும் சொன்னாள், அவரும் கையை விரித்தார். யாரை இவள் பிடிக்க வந்திருக்கிறாள், வீடு வீடாக விளம்பரமா செய்கிறாள் என்று யுவனேஸ்வரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

அடுத்த வீட்டு வாசலில் ஒரு இளைஞன் நின்றான். அவனுக்குப் புரியவில்லை போலும். மாலினி கையைத் தூக்கித் தன் தாடைக்குக் கீழே குழித்து வைத்துக் காட்டினாள். இந்த அளவு என்று விரல்களை விரித்தாள். பிறகு தொண்டையைத் தொட்டு, முழுங்க முடியாது என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

அந்தக் கையை யுவனேஸ்வரிக்குத் தெரியும். கூட்டம் போட்ட அன்று அவளே தன் தாடைக்குக் கீழே வைத்துக் காட்டிய கை அது.

மாமா பல்வலி என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார். சாப்பாட்டு மேசையில் இவள் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு, வீக்கத்தையும் காய்ச்சலையும் அவரே சேர்த்திருப்பார். எங்களிடம் வராதீர்கள், பக்கத்திலேயே போங்கள், இப்பவே போங்கள் என்று மாலினி சொன்னது ஆஸ்பத்திரிக்கு. சொன்ன பிறகு ஆள் போய்ச் சேர்ந்தாரா என்று தெரியவில்லை. ஃபோன் எடுக்கவில்லை. ஆகவே விடாமல் தேடி வந்திருக்கிறாள். விடாதே என்று சொன்னது யார்? இவள்தான். யுவனேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை, காரோடு அந்தச் செம்மண்ணுக்குள் புதைந்துபோனால் தேவலை என்கிற வெட்கம்.

திரும்பிப் போய்விடலாம் என்று சாவியில் கை வைத்தாள். மாலினி பார்த்துவிட்டாள்.

"டொக்டர்!" ஓடி வந்தாள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. கார்க் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "நீங்களும் வந்திட்டியளே! எனக்குத் தெரியும், நீங்கள் சும்மா இருக்கமாட்டியள் எண்டு. பிரனீல் சொன்னவனோ?"

முகத்தில் இன்னும் மாட்டியிருந்த கவசத்தை யுவனேஸ்வரி கழற்றினாள்.

"தியாகலிங்கம் எண்டொரு ஆள், டொக்டர். உங்கட ஊர்ப் பக்கத்துத் தமிழ்தான் கதைச்சவர், மலேசியாக்காரர் போல. தாடை வீங்கிப் போச்சாம், காய்ச்சலாம், எச்சில் கூட இறங்குதில்லையாம். தனிய இருக்கிறாராம். உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு சொன்னன். சரியெண்டிட்டு வச்சிட்டார். பிறகு எத்தினை தரம் அடிச்சும் ஃபோன் வேலை செய்யேல்லை. அவசர அம்புலன்சுக்கும் அடிச்சுச் சொன்னன். வெங்காய ஷெட்டுக்குப் பின்னால பச்சைக் கூரை வீடு எண்டு மட்டும் சொன்னா அவையள் எங்க தேடுறது? ஆஸ்பத்திரியிலயும் கேட்டுப் பாத்தன், அப்பிடி ஒருத்தரும் வரேல்லையாம்." அவள் கார்க் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தாள். "மயங்கிக் கிடக்கிறாரோ என்னவோ, டொக்டர். பயமாக்கிடக்கு. இந்தப் பக்கம் பச்சைக் கூரையே இல்லை. இன்னொரு ஷெட் இருக்காம் அந்த ரோட்டில. ஒருக்கா பாப்பமோ?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் திறந்தால் போதும். ஆனால் யுவனேஸ்வரி, "பார்ப்போம்," என்றாள். வாழ்நாளில் அவள் சொன்ன கோழைத்தனமான வார்த்தை அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் வரிசையில் வரும்.

ஆக, இல்லாத ஆளைத் தேடி இருவரும் போனார்கள். அந்த இன்னொரு ஷெட்டின் கதவை யுவனேஸ்வரியே தட்டினாள். தியாகலிங்கம் என்று யாராவது வேலை செய்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மூட்டைகளுக்கு நடுவே நின்ற மேற்பார்வையாளர் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு இல்லை என்றார். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கேள்விப்பட்டால் சொல்கிறேன் என்று மாலினியின் எண்ணை வாங்கிக்கொண்டார். யுவனேஸ்வரியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காருக்குள் திரும்பியதும் மாலினி ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். பதற்றத்தில் இருப்பவர்கள் பேசுவதுபோல, தொடர்பில்லாமல்.

"ரஷ்மியைக் கேக்கலாம் எண்டும் யோசிச்சனான். அவவுக்குத் தெற்குப் பக்கத்து ஆக்கள் எல்லாரையும் தெரியும். போன மாசம் அவவிட்டத்தான் கேட்டு அறிஞ்சனான், எங்கட ஆக்கள் ஏன் எங்களை விட்டிட்டுப் போனவை எண்டு."

"ஏன் போனாங்களாம்?" என்று கேட்டாள் யுவனேஸ்வரி.

மாலினி தயங்கினாள். "குறை நினைக்காதையுங்கோ டொக்டர். நீங்கள் ஏசுறியளாம். பல்லு ஒழுங்கா மினுக்கேல்லை எண்டு வாயைத் திறக்க வச்சுக்கொண்டு ஏசினா, அவையள் திருப்பிக் கதைக்கவும் ஏலாதே. அதான் நான் ஒவ்வொருத்தரா அடிச்சு, டொக்டர் இனி ஏசமாட்டா, வாங்கோ எண்டு சொல்லுறன். உங்களுக்குக் கேட்டாக் கவலையாப் போயிடும் எண்டுதான் கதவைச் சாத்திறனான். கன பேர் திரும்பி வாறன் எண்டிருக்கினம்."

யுவனேஸ்வரி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும். "மாலினி," என்று ஆரம்பித்தாள்.

ஃபோன் அடித்தது. காரின் திரையில் 'மாமா' என்று எழுத்து வந்தது. பதறிப்போய் அணைக்கத் தொட்டாள், தொட்ட இடம் தப்பு. காரின் நான்கு மூலையிலிருந்தும் மாமாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"யுவா! என்னம்மா, புடிச்சிட்டியா இல்லியா அவளை? நானும் மதியத்துலேருந்து காத்துக்கிட்டு இருக்கேன். தியாகலிங்கம் எப்படி? எச்சில் முழுங்க முடியலன்னு ஒரு இழு இழுத்தேன் பாரு, அந்தப் பொண்ணுக்குப் பேச்சே வரல லா! மேடையில நின்ன ஆளு, சும்மாவா?"

மாலினி நாள் முழுக்க ஃபோனில் குரல்களோடு வாழ்கிறவள். அவளுக்கு இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் டாக்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரைப் பக்கம் மெல்லச் சாய்ந்தாள்.

"ஐயா, உங்களுக்கு வீக்கம் ஒண்டும் இல்லைத்தானே?"

"ஆ? யாரு... யாரு பேசுறது?"

"காய்ச்சலும் இல்லையோ?"

"இல்லம்மா," என்றார் மாமா. நாடகக் குரல் எங்கோ போய்விட்டது. "நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப சரி," என்றாள் மாலினி. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்தாள். "ஆள் சாகேல்லை."

யுவனேஸ்வரி அழைப்பைத் துண்டித்தாள். "சாரி மாலினி. நான் ரொம்பத் தப்புப் பண்ணிட்டேன். நரேந்திரன் அப்படிப் பண்ணுனதுக்கப்புறம் யாரை நம்புறதுன்னு எனக்கு... மால்ல உங்களை ரஷ்மிகூடப் பார்த்தேன்..." வாக்கியம் எதுவும் முடியவில்லை. எப்படி முடியும்?

"அப்ப நீங்கள் அந்த மனிசனைத் தேடி வரேல்லை," என்றாள் மாலினி. கேள்வியாகச் சொல்லவில்லை. "என்னைப் பிடிக்க வந்தனீங்கள்."

யுவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலினி கைப்பையைத் தோளில் மாட்டினாள். "அவசர அம்புலன்சுக்கு அடிச்சு, அப்பிடி ஒரு ஆள் இல்லையெண்டு சொல்லவேணும். இல்லாட்டி அவையள் இன்னும் தேடிக்கொண்டிருப்பினம். அதை நீங்கள் செய்யுங்கோ, டொக்டர்." கதவைத் திறந்து, மழையில் இறங்கி, தன் வெள்ளைக் காரை நோக்கி நடந்தாள். ஓடவில்லை.

அந்த அழைப்பை யுவனேஸ்வரி அங்கேயே செய்தாள். பொய் நோயாளி என்று சொல்ல வேண்டியிருந்தது, ஏன் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. மறுமுனையில் இருந்த பெண் அவளைத் திட்டவில்லை. கேட்டுக்கொண்டாள், நன்றி சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று யுவனேஸ்வரி வீடு வரை நினைத்துக்கொண்டே போனாள்.

மாலினி மறுநாள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். வந்தாள். வழக்கமான நேரத்துக்கு வந்து, விளக்கைப் போட்டு, மீனுக்குத் தீனி போட்டாள். யுவனேஸ்வரி பிரனீலையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லை டொக்டர்," என்றாள் மாலினி. குரலில் கோபமில்லை. யுவனேஸ்வரிக்கு உயிர் வந்தது. தப்பித்தோம் என்று அறைக்குள் போய் முதல் நோயாளியைப் படுக்க வைத்தாள்.

கதவு தட்டியது.

"கிளவுஸ் பெட்டி ஒண்டு உடைக்கோணும் டொக்டர். உடைக்கட்டோ?"

சற்று நேரத்தில் மறுபடியும். "ஒராள் வெள்ளிக்கிழமை நேரத்தை மாத்தக் கேக்கிறார். நீங்களே சொல்லுங்கோ." மதியம் மறுபடியும். பிற்பகல் மறுபடியும். அடுத்த நாளும் அப்படித்தான். மரியாதையாகத் தட்டினாள், மரியாதையாகக் கேட்டாள், பதில் வரும் வரை வாசலிலேயே நின்றாள். "நீங்களே முடிவெடுங்க மாலினி, ப்ளீஸ்," என்று யுவனேஸ்வரி கெஞ்சினாள். "இல்லை டொக்டர், உங்களைக் கேக்காமல் செய்தாச் சரிவராது," என்றாள் அவள். அந்தச் சின்ன அறையின் கதவு இப்போது எப்போதும் திறந்தே இருந்தது. பழைய நோயாளிகளை யாரும் அழைப்பதில்லை.

அந்த வாரக் கடைசியில், யுவனேஸ்வரி ஒருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டியது. மாலினி ஃபோனைக் கையில் மூடிப் பிடித்தபடி நின்றாள்.

"ஒரு ஐயா எடுத்திருக்கிறார், டொக்டர். தமிழர். பல்லுக்கொதியாம். தாடைக்குக் கீழ வீங்கியிருக்காம், காய்ச்சலாம், முழுங்க ஏலாதாம்." ஃபோனை நீட்டினாள். "உண்மையான ஆளோ எண்டு நீங்களே ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ."

யுவனேஸ்வரி கிளவுஸைப் பிய்த்தெறிந்துவிட்டு ஃபோனை வாங்கினாள். மறுமுனையில் ஒரு கிழட்டுக் குரல், வாய் திறக்க முடியாமல், இழுத்து இழுத்துப் பேசியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இது யாராவது போடும் நாடகமாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மாலினி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, வீட்டு இலக்கம் சொல்லுங்க," என்றாள் யுவனேஸ்வரி.